எட்டுக்கு இடமில்லாத வீடு

சுரங்க டவுன்ஷிப்பின் பத்தொன்பதாம் பிளாக்கில் குஞ்சிதபாதம் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். சொல்லும்போதே ஒரு சிரிப்பையும் சேர்த்துத் தருவார்கள். எழுபத்திரண்டாம் நம்பர் குவார்ட்டர்ஸ். ஏழும் இரண்டும் ஒன்பது. செவ்வாயின் எண்ணான அந்த ஒன்பதுக்காகத்தான் மனிதர் அங்கே குடியிருந்தார். சர்வீஸுக்குத் தகுந்த பெரிய வீடு ஒதுக்கி உத்தரவு வந்தபோது, அதன் நம்பர் அறுபத்திரண்டு என்று தெரிந்ததும், ஆறும் இரண்டும் எட்டு என்று அலறி, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, மழை பெய்தால் சமையலறையில் குண்டான் வைக்க வேண்டிய இந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த அறுபத்திரண்டில் இரண்டு மாமரமும் ஒரு பலாவும் இருந்தன. பலா பழுக்கும் மாதங்களில் அவர் மனைவி திலகவதி அவரோடு அவ்வளவாகப் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள்.

எட்டு சனியின் எண் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். வண்டி வாங்கும்போது கூட்டிப் பார்ப்பார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். குஞ்சிதபாதம் அப்படி விடவில்லை. வீட்டிலிருந்து எட்டை வேரோடு பிடுங்கினார். சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது மட்டும்தான் எண்கள், மற்றதெல்லாம் கோடு. டி.வி. ரிமோட்டில் எட்டாம் பொத்தான் மேல் பிளாஸ்திரி. தினசரி காலண்டரில் எட்டு, பதினேழு, இருபத்தாறு ஆகிய தாள்கள் முந்தைய நாளோடு சேர்ந்தே கிழிபட்டுவிடும். சிலிண்டரில் பெயின்ட் அடித்த எண்ணைக் கூட்டி எட்டு வந்தால் வேறு கேட்பார். கேஸ்காரர் இப்போதெல்லாம் அந்த வாசலில் இறக்குவதற்கு முன்னால் தானே கூட்டிப் பார்த்துக்கொள்கிறார். என்ன செய்வது, மூன்றாவது தடவை முதுகில் ஏற்ற யாருக்குத்தான் பிடிக்கும்?

மைன்ஸில் அவருக்கு பெல்ட் செக்‌ஷன். நிலக்கரி போகும் அந்த நீளமான பெல்ட்டுகளுக்கும் நம்பர் உண்டு. ஏழு வரைக்கும் நம்பர் சொல்வார், ஒன்பதிலிருந்தும் சொல்வார். நடுவிலிருப்பது மட்டும் ‘ஏழுக்கு அடுத்தது’. வாக்கி டாக்கியில் அவர் குரல் “ஏழுக்கு அடுத்தது நின்னு போச்சு, ஏழுக்கு அடுத்தது!” என்று கத்தும்போது ஷிப்ட் மொத்தமும் வேலையை விட்டுச் சிரிக்கும்.

இத்தனைக்கும் மகுடம் வைத்தது போல வாசற்படிக்கு மேலே ஒரு செப்புத் தகடு. எண் ஜோதிடம் பார்க்கும் ஒருவர் வரைந்து கொடுத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு எண்:

12345679

ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எல்லா இலக்கமும் இருக்கிறது, எட்டு மட்டும் இல்லை. கூட்டினால் முப்பத்தேழு. மூன்றும் ஏழும் பத்து. பத்தைக் கூட்டினால் ஒன்று. ஒன்று சூரியன். “சூரியன் வாசல்ல நிக்கும்போது சனி எப்படிய்யா உள்ள வரும்?” என்று குஞ்சிதபாதம் கேட்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு முனவரா மட்டும், “அப்ப ஒங்க வீட்டுக் கூரை ஏண்ணே ஒழுகுது?” என்றாள். அவள் எழுபத்திமூன்றில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரில் காது வைக்கத் தேவையே இல்லை, காது தானாக அங்கே போய்விடும்.

அந்தச் சுவர் வழியாகத்தான் சேதி முதலில் கசிந்தது. குஞ்சிதபாதத்தின் ஒரே மகள் நந்தினிக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் பெண். சொல்ல வேண்டியதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

“பேரு நிலவன்ப்பா. ஒங்களுக்கே தெரியும். ஒங்க ஏழுக்கு அடுத்த பெல்ட்லதான் இருக்காரு.”

குஞ்சிதபாதத்துக்கு ரசம் புரையேறியது. நிலவனைத் தெரியாமலா? வளையமாதேவிப் பையன். பெல்ட் நின்றால் ரோலருக்கு அடியில் முதலில் நுழைபவன் அவன். போன மழைக்காலத்தில் பெல்ட் கிழிந்தபோது ராத்திரி ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்று ஒட்டிக் கொடுத்தான். “தங்கமான பையன்” என்று இவரே திலகவதியிடம் வந்து சொன்னதுண்டு. ஆனால் கான்ட்ராக்ட். இந்த ஊரில் பெர்மனென்ட் என்றால் ஒரு சாதி, கான்ட்ராக்ட் என்றால் இன்னொரு சாதி. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பார்கள்.

குஞ்சிதபாதம் அந்த மூலைப் பக்கமே போகவில்லை. அவர் கேட்டது வேறு.

“பிறந்த தேதி என்ன?”

“இருபத்தாறு.”

மனிதர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டும் ஆறும். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? உண்மையில் அவருக்கு அந்த நிமிடத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. நல்ல பையனை வேண்டாமென்று சொல்ல ஒரு நல்ல காரணம் கிடைத்தால் வராதா பின்னே?

“ஏங்க, கான்ட்ராக்ட்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்” என்றாள் திலகவதி. “நம்பர் தலையில பழியைப் போடாதீங்க.”

“சேச்சே! நான் அப்படிப்பட்ட ஆளா?” என்றார் குஞ்சிதபாதம். அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் இதில் வேடிக்கை.

நந்தினி அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. “அவங்கம்மா ஞாயித்துக்கிழமை பொண்ணு கேட்டு வராங்க. நீங்களே அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க. நீங்க சொல்றது நியாயமான காரணமா இருந்தா நான் மறு பேச்சு பேச மாட்டேன். வேற எடம் பாருங்க, கழுத்த நீட்டறேன்” என்றாள். முனவரா அன்று சுவருக்குத் தன் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால் அல்ல என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நிலவனும் அவன் அம்மா பெரியநாயகியும் பைக்கில் வந்தார்கள். பைக்கை வாசலில் நிறுத்தாமல் முனவரா வீட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். நம்பர் பிளேட் குஞ்சிதபாதத்தின் கண்ணில் படக் கூடாது என்று நந்தினி சொல்லி வைத்திருந்தாள். முனவரா கண்ணில் பட்டது. அவள் கூட்டியும் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல, உறை மோர் கேட்கும் சாக்கில் டம்ளரோடு எழுபத்திரண்டுக்குள் போய்விட்டாள்.

குஞ்சிதபாதமும் அவளை விரட்டவில்லை. சாட்சிக்கு ஆள் இருப்பது நல்லதுதானே? நாளைக்கு எவரும், கான்ட்ராக்ட் என்று தட்டிக் கழித்தார் எனப் பேசிவிடக் கூடாது.

பெரியநாயகி தட்டை டீப்பாய் மேல் வைத்தாள். வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு பலாச்சுளைப் பொட்டலம். “எங்க கொல்லையில காச்சது” என்றாள். திலகவதியின் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் குஞ்சிதபாதம் அவசரமாகத் தொண்டையைச் செருமினார்.

“அம்மா, பையனைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல. வேலைன்னா அவன்தான். ஆனா எங்க வீட்டு மொறை ஒண்ணு இருக்கு. இந்த வீட்டுல எட்டுக்கு எடமில்ல.” கையை உயர்த்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். கடிகாரம், காலண்டர், பிளாஸ்திரி ஒட்டிய ரிமோட். “வாசல்ல தகடு பார்த்தீங்களா? ஒண்ணுலேருந்து ஒம்பது வரைக்கும் இருக்கும், எட்டு மட்டும் இருக்காது. கதவு நம்பர் எழுவத்திரண்டு, அதுலயும் எட்டு கெடையாது. ஒங்க பையன் பொறந்தது எட்டுல. நான் என்னம்மா பண்ணட்டும்?”

பெரியநாயகி மகனைப் பார்த்தாள். “என்னாடா சொல்றாரு? எட்டாங் கிளாஸு படிச்சதப் பத்தியா?”

முனவரா டம்ளரை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள்.

அந்தச் சிரிப்புதான் குஞ்சிதபாதத்தைக் கெடுத்தது. எழுந்து நின்றுவிட்டார். “சிரிக்காதம்மா முனவரா. எல்லார் முன்னாலயும் சொல்றேன். என் வாசல்ல ஒரே ஒரு எட்டைக் காட்டுங்க. இந்தத் தட்டை நானே ரெண்டு கையாலயும் வாங்கிக்கிறேன். அப்புறம் பேச்சு மாற மாட்டேன்.”

“நெசமாவாப்பா?” என்றாள் நந்தினி. அதுவரை கதவோரம் நின்றிருந்தவள்.

“குஞ்சிதபாதம் சொன்னா சொன்னதுதான்.”

“அப்ப வாசல்ல இருக்கற ரெண்டு நம்பரையும் பெருக்குங்க. தகட்டு நம்பரையும் கதவு நம்பரையும்.”

“பெருக்கி?”

“பெருக்குங்கப்பா. நீங்களே. போன் வேணாம், அப்புறம் போன் பொய் சொல்லுதுன்னுவீங்க.”

அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எட்டே இல்லாத எண்ணை எட்டே இல்லாத எண்ணால் பெருக்கினால் எட்டு எங்கிருந்து வரும்? வராது அல்லவா? திலகவதி ஒரு காலண்டர் தாளைக் கவிழ்த்து வைத்து பேனா கொடுத்தாள். எட்டாம் தேதித் தாள்களை எண்ணெய் வடிக்க அவள்தான் பத்திரப்படுத்துகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. மேலே 12345679, கீழே 72. கோடு போட்டார்.

“ரெண்டொம்பது பதினெட்டு” என்றவர் நின்றார். கீழே எழுத வேண்டியது எட்டு. பேனா தயங்கியது. “நடுவுல வர்றது கணக்குல சேராது. கடைசி விடைதான்” என்றார்.

“ஆமாப்பா, கடைசி விடைதான்” என்றாள் நந்தினி, ரொம்ப நல்ல பிள்ளையாக.

முதல் வரி 24691358. இரண்டாவது வரியை ஓரிடம் தள்ளி எழுதினார், 86419753. இப்போது கூட்ட வேண்டும். வலது கோடியில் எட்டு மட்டும் தனியாக நின்றது, துணைக்கு யாருமில்லை. எட்டை இறக்கினார்.

“ஒரு எட்டு வந்தா வந்துட்டுப் போகுது” என்றார், யாரும் கேட்காமலே.

ஐந்தும் மூன்றும் எட்டு.

மூன்றும் ஐந்தும் எட்டு.

ஒன்றும் ஏழும். அவர் விரலை விட்டு எண்ணினார், அப்போதும் எட்டுதான் வந்தது. முனவரா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அடுத்த இடத்தில் ஒன்பதும் ஒன்பதும் இருந்தன. குஞ்சிதபாதத்துக்கு உயிர் வந்தது. இரண்டு ஒன்பது! இரண்டு செவ்வாய்! இதில் எப்படி எட்டு வரும்? “ஒம்பதும் ஒம்பதும்...” என்று ஆரம்பித்தவர் வாய் திறந்தபடியே நின்றார். பதினெட்டு. எட்டைப் போட்டு ஒன்றை மேலே கொண்டுபோனார். அந்த ஒன்றும், ஆறும், ஒன்றும் எட்டு. நான்கும் நான்கும் எட்டு. இரண்டும் ஆறும் எட்டு, அந்தப் பையனின் பிறந்த தேதி போலவே. இடது கோடியில் கடைசியாக நின்ற எட்டை இறக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. முனவராதான் பேனாவை வாங்கி எழுதினாள்.

888888888

“யா அல்லாஹ்!” என்றாள் முனவரா. “ஒரு எட்டு கேட்டீங்க. ஒம்பது எட்டுண்ணே! வரிசையில நிக்குதே, கேன்டீன் வாசல்ல நிக்கற மாதிரி!”

குஞ்சிதபாதம் உட்கார்ந்தார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் உட்கார்ந்ததால் நிலவன்தான் பிடித்துக்கொண்டான். நெற்றியில் வேர்வை. வாசலில், தலைக்கு மேல், இத்தனை வருஷம்! தினம் கும்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். “தப்பு. எங்கேயோ தப்பு” என்று முனகினார். முனவரா போனில் தட்டினாள். அதிலும் அதே வரிசை. திலகவதி போனிலும் அதேதான்.

“தப்பில்லப்பா” என்றாள் நந்தினி. “அந்த நம்பரோட கொணமே அது. ஒம்பதால பெருக்குனா ஒம்பது ஒண்ணு வரிசையா வரும். பதினெட்டால பெருக்குனா ஒம்பது ரெண்டு. எழுவத்திரண்டுங்கறது எட்டு தடவ ஒம்பது. அதனால ஒம்பது எட்டு.”

“எட்டை எடுத்துட்டுத்தானேம்மா எழுதியிருக்கு!” அவர் குரல் குழந்தை போல ஆகிவிட்டது.

“எடுத்ததாலதாம்ப்பா வரிசை பிசகாம வந்துச்சு. எட்டையும் சேத்து எழுதிப் பெருக்கியிருந்தா கடைசிக்கு முன்னால ஒரு சைபர் விழுந்து வரிசை ஒடஞ்சிருக்கும்.”

முனவராவுக்கு அது போதவில்லை. அவள் தன் வீட்டு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். எழுபத்திமூன்று. 901234567 என்று வந்தது. ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, “அண்ணே, எங்க வீட்டுல எட்டே இல்லண்ணே!” என்று கூவினாள்.

குஞ்சிதபாதம் அவளை ஒரு பார்வை பார்த்தார். குவார்ட்டர்ஸை மாற்றிக்கொள்ளக் கேட்டுவிடுவாரோ என்று அவள் ஒரு எட்டு பின்னால் வைத்தாள்.

“ஒனக்கு இது எப்பத் தெரியும்?” என்று மகளிடம் கேட்டார்.

“தகடு மாட்டின அன்னிக்கே. பத்தாவது படிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க நிம்மதியாத் தூங்கறீங்களேன்னு சொல்லல.”

இது எல்லாவற்றையும்விடப் பெரிய அடி. பத்தாவது படித்த பெண் எல்லாம் தெரிந்துகொண்டு, இந்த வாசற்படியைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். பாஸ் ஆகியிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு மட்டும் ஒரு மாமரம், இன்னொரு மாமரம், ஒரு பலா போயிருக்கிறது.

“அப்ப தட்டை வாங்கிக்கங்க” என்றாள் திலகவதி. அவள் குரலில் அந்தப் பலா மரமே நின்றது.

குஞ்சிதபாதம் தட்டைப் பார்த்தார். நிலவனைப் பார்த்தார். பிடித்துக்கொள்ள எண்ணென்று ஒன்றும் மிச்சமில்லை. கை நீளவில்லை. ஏன் நீளவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. தெரிந்த அந்தக் கணத்தில் வாய் முந்திக்கொண்டது.

“எப்படிம்மா வாங்கறது? அவன் கான்ட்ராக்ட்!”

சொல்லிவிட்டு, யார் சொன்னது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது எட்டு வந்தபோதுகூட அந்த அறை இப்படி அதிரவில்லை. பிளாக் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு தாயை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு யாரும் அதைச் சொன்னதில்லை. முனவராவுக்கே எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நிலவன் தலையைக் குனிந்துகொண்டான். நந்தினியின் முகத்தில், கணக்கு சரியாக வந்துவிட்டபோது வரும் மகிழ்ச்சி ஒரு துளியும் இல்லை. திலகவதிதான் மெல்ல, “இப்பத்தாங்க நெசம் வந்துது” என்றாள்.

பெரியநாயகி எழுந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இதை இப்ப நான் குடுக்க மாட்டேன் சார்” என்றாள். “நீங்க வாங்கிக்கறேன்னு சத்தியம் பண்ணது எட்டுக்கு. இதுக்கு இல்ல. இம்மா நேரம் நாங்க எதுக்குன்னே தெரியாம கேட்டுகினு குந்திகினு இருந்தோம். கான்ட்ராக்ட்டுன்னு மொதல்லயே சொல்லியிருந்தா மொகத்துக்கு நேரா ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். பொண்ணு தங்கம், அதுல எனக்குக் கொற இல்ல. எம்புள்ளைய கான்ட்ராக்ட்டுன்னு தெரிஞ்சே வேணும்னா, நீங்க எங்க வூட்டுக்கு வந்து கேளுங்க.”

பெண் வீட்டார் தட்டோடு போய் மாப்பிள்ளை கேட்பதா? குஞ்சிதபாதத்துக்கு மறுபடி வேர்த்தது. ஆனாலும் பழக்கம் யாரை விட்டது? “ஒங்க வீட்டு நம்பர் என்னம்மா?” என்று கேட்டுவிட்டார்.

“நம்பரா?” பெரியநாயகி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். “எப்பவோ கதவுல எழுதினாங்க. பொங்கலுக்குப் பெயின்ட் அடிச்சப்ப போயிடுச்சி. பெரியநாயகி வூடு எதுன்னு கேளுங்க, நாய்க்குட்டி கூட காட்டும்.”

பலாச்சுளைப் பொட்டலத்தை மட்டும் திலகவதியின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் எழுபத்திரண்டில் நடந்தது சுவரைத் தாண்டி முனவராவுக்குக் கேட்கும் வகை அல்ல. சத்தமே இல்லை. நந்தினி பள்ளிக்குப் போனாள், வந்தாள். அவள் சொன்ன சொல்லும் வீட்டுக்குள்ளேயே நின்றது: நியாயமான காரணமா இருந்தா மறு பேச்சு பேச மாட்டேன். குஞ்சிதபாதம் ஒரு காகிதத்தில் ஒன்பது எட்டையும் கூட்டிப் பார்த்தார். எழுபத்திரண்டு வந்தது. ஏழும் இரண்டும் ஒன்பது. வேறொரு சமயமாக இருந்தால் இதைப் பிடித்துக்கொண்டு ஆடியிருப்பார். இப்போது அதை மடித்து வீசினார். அவர் சொன்னதற்கு எதைக் கூட்டி என்ன பயன்? நியாயமான காரணம் ஒன்று தேடித் தேடி, கையில் கிடைத்ததெல்லாம் அந்த ஒற்றைச் சொல்தான். அதை மகளிடம் மறுபடி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மைன்ஸில் வியாழக்கிழமை பெல்ட் நின்றது. வாக்கி டாக்கியில் குஞ்சிதபாதத்தின் குரல்: “எட்டாம் நம்பர் பெல்ட்டு. நிலவன், எட்டாம் நம்பருக்குப் போய்ப் பாருப்பா.” ஷிப்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் பயந்தே போனார்களாம். அவர் உடம்புக்கு என்னமோ என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நிலவன் வந்தான். மாப்பிள்ளை கேட்டு வளையமாதேவிக்குப் போக நேர் பஸ் சரியாகக் கிடைக்காது, சேத்தியாத்தோப்பு பக்கம் சுற்றித்தான் போக வேண்டும் என்று குஞ்சிதபாதத்தைக் கூட்டிப்போக வந்தானாம். திலகவதியும் நந்தினியும் ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டார்கள். வாசலுக்கு மேலே தகடு மாட்டியிருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. தகட்டை முந்தின நாள் குஞ்சிதபாதம் முனவராவிடம் நீட்டி, “ஒங்க வீட்டுக்குத்தான் இது பொருந்துது” என்றார். “நாங்க இதெல்லாம் மாட்டறதில்லண்ணே” என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது அது திலகவதியின் தண்ணீர்க் குடத்துக்கு மூடி.

குஞ்சிதபாதம் தட்டோடு பைக்குக்குப் பின்னால் வந்து நின்றார். இந்த முறை பைக் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளியவில்லை, நடு வாசலில் நின்றது. நம்பர் பிளேட் கழுவித் துடைத்துப் பளபளத்தது. அவர் கண் அதன் மேல் விழுந்தது. உதடு அசைந்தது. முதல் இலக்கம், இரண்டாவது, மூன்றாவது. முனவரா காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். நான்காவது இலக்கத்தில் உதடு நின்றது. அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள்.

“போலாமா சார்?” என்றான் நிலவன்.

குஞ்சிதபாதம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். “மெதுவாப் போப்பா” என்றார்.

அந்தக் கூட்டுத்தொகை என்ன என்று பத்தொன்பதாம் பிளாக் முழுக்க முனவராவைக் கேட்டாகிவிட்டது. அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. முனவரா ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறாள் என்பதை மட்டும் பிளாக்கில் யாராலும் இன்னும் நம்ப முடியவில்லை.